காப்பகத்துக்கு வரலாறு எழுதப் போகிறீர்களா? பால் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

பொன்விழா, வைரவிழா என்று வந்துவிட்டால் ஒவ்வொரு குழந்தைகள் காப்பகத்திலும் யாராவது ஒருவர் தலையில் விழா மலர் எழுதும் வேலை விழும். பெரும்பாலும் அவர் தமிழாசிரியராக இருப்பார், இல்லையென்றால் கணக்கு எழுதுகிறவராக இருப்பார். நான் இரண்டாவது வகை. மதுரைக்கு வெளியே, மேலூர்ப் பக்கம், சிஸ்டர்கள் நடத்தும் கைக்குழந்தைகள் இல்லத்தில் வெகுகாலம் பேரேடு எழுதியவன். இந்தப் பக்கத்து மலர்கள் எல்லாம் ஒரே அச்சு. முதல் பக்கத்தில் வெள்ளைக்கார மதர் படம், அப்புறம் ஆயர் வாழ்த்துரை, எம்.எல்.ஏ. வாழ்த்துரை, கடைசியில் நன்கொடையாளர் பட்டியல். குழந்தை எதைக் குடித்தது, யார் இடுப்பில் வளர்ந்தது என்று ஒரு வரி இருக்காது. அந்த வரிகள் எங்கே கிடக்கின்றன என்று சொல்கிறேன்.

முதலில் உங்கள் இல்லம் எந்தச் சபை வழியில் வந்தது என்று பாருங்கள். தேட வேண்டிய ஊரே அதைப் பொறுத்து மாறும். சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை என்றால் பெரும்பாலும் வேர் அமெரிக்கன் மதுரை மிஷனில் இருக்கும். அவர்கள் மதுரைக்கு வந்தது 1834-இல்; சி.எஸ்.ஐ. உருவானது 1947 செப்டம்பர் 27-இல். மிஷனின் கடிதங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. அமெரிக்கா போக முடியாதவர்களுக்குப் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. கத்தோலிக்க இல்லம் என்றால் ஒன்றை மறக்காதீர்கள்: மதுரை தனி மறைமாவட்டம் ஆனது 1938-இல்தான். அதற்கு முந்தைய நிர்வாகக் கடிதங்களை இங்கே தேடிப் பயனில்லை, திருச்சியில் கேளுங்கள். அந்தக் காலத்துக் குருக்கள் பலர் பிரான்ஸிலிருந்து வந்த சேசு சபையினர் என்பதால் கடிதம் பிரெஞ்சிலும் பதிவேடு லத்தீனிலும் இருக்கும். பயப்பட வேண்டாம், வயதான ஒரு பாதரைப் பிடித்தால் லத்தீன் பிரச்சினை முடிந்தது. சிஸ்டர்கள் எழுதும் வீட்டு நாட்குறிப்பு சபையின் மாநிலத் தலைமை இல்லத்தில் இருக்கும். கேட்டவுடன் தரமாட்டார்கள், மதர் சுப்பீரியர் கையெழுத்தோடு போங்கள்.

தொடங்கிய வருடத்தைப் பற்றி எச்சரிக்கை. எந்த இல்லத்தைக் கேட்டாலும் "தாது வருஷப் பஞ்சத்தில் ஆரம்பித்தது" என்பார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் மிஷன்கள் அனாதைக் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டது உண்மைதான். ஆனால் உங்கள் இல்லமும் அப்படியா என்பதற்கு ஒரு காகிதமாவது வேண்டும். கட்டடத்தின் கல்வெட்டை மட்டும் நம்பி எழுதவும் வேண்டாம். கான்வென்ட் தாழ்வாரத்தில் நாலு தொட்டிலோடு வேலை முதலில் ஆரம்பித்திருக்கும், கட்டடம் பிறகு வந்திருக்கும். நிலப் பத்திரம், முதல் ஞானஸ்நானப் பதிவு, முதல் செலவுச் சீட்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பதிவேட்டில் தேதி அழிந்திருந்தால் பெயரைக் கவனியுங்கள். கைவிடப்பட்டு வந்த குழந்தைக்குப் பக்கத்தில் வரும் திருவிழாவை ஒட்டிப் பெயர் வைப்பது எங்கள் இல்லத்தில் வழக்கம். வரிசையாக ஆரோக்கியமேரி வந்தால் செப்டம்பர் 8-ஐ ஒட்டிய நாட்கள். சூசை என்றால் மார்ச், அந்தோணி என்றால் ஜூன், சவேரியார் பெயர் என்றால் டிசம்பர் ஆரம்பம். இது சாட்சியம் ஆகாது, துப்பு மட்டும். மற்ற ஏடுகளோடு ஒத்துப்போனால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி பால் கணக்கு. ஆண்டறிக்கை நன்கொடையாளருக்காக எழுதப்பட்டது, அதில் எல்லாக் குழந்தையும் கொழுகொழுவென்றுதான் இருக்கும். பேரேடு யாருக்காகவும் எழுதப்பட்டதல்ல. மாட்டுப்பால் எத்தனை படி, டப்பா எத்தனை, மண்ணெண்ணெய், வசம்பு, கிரேப் வாட்டர், மல் துணி என்று வரிசையாக இருக்கும். பால் அளவு திடீரென்று குறைந்த மாதத்தில் நின்று பாருங்கள். பணம் வரவில்லையா, மாடு வற்றியதா, குழந்தைகள் இறந்தார்களா? பக்கத்து ஏடுகள் பதில் சொல்லும். 1950களின் பிற்பகுதிக்கு வந்தால் அமெரிக்க நிவாரணப் பால்பவுடர் மூட்டை தென்படலாம். 1954-இல் அமெரிக்கா உணவு உதவிச் சட்டம் கொண்டுவந்த பிறகு இந்தியாவுக்கு நிறைய வந்தது.

ஏட்டில் இல்லாததை ஆயாக்களிடம் கேளுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்று முடிந்துவிடும். "ராத்திரி ரெண்டு மணிப் பாலை யார் கலக்குவாங்க?" என்று கேளுங்கள். எங்கள் மூத்த ஆயா இதற்குச் சொன்ன பதிலை அப்படியே எழுதிக்கொண்டேன்: "மதர் கலக்குவாக. நான் சங்கை வெந்நியில போட்டு எடுப்பேன். புதுசா வந்த புள்ளைக்கி டப்பாப் பால மொதல்ல தண்ணியாத்தான் குடுப்பாக, கெட்டியாக் குடுத்தா வயித்தால போயிரும்யா. புறங்கையில ஒரு சொட்டு விட்டுப் பாத்துட்டுத்தான் வாயில வப்போம்." பேச்சைத் திருத்தி எழுத்துத் தமிழாக்காதீர்கள். ஆயாக்களின் பெயரைக் கட்டாயம் போடுங்கள், அவர்கள் சம்மதித்தால். பிஷப்புக்கு ஒரு பக்கம் என்றால் அவர்களுக்கு இரண்டு பக்கம் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

அடக்கப் பதிவேட்டைத் தவிர்க்கச் சொல்வார்கள். "விழா மலர்ல சாவு எதுக்கு?" என்று எனக்கும் சொன்னார்கள். தவிர்க்காதீர்கள். பிறந்த ஓரிரு நாளில், எடை குறைந்து, சில நேரம் எறும்பு கடித்த உடம்போடு வந்த குழந்தைகள். எல்லாரும் பிழைத்ததாக எழுதினால் அந்த சிஸ்டர்கள் பட்ட பாடே தெரியாமல் போய்விடும். வருடவாரியாக எண்ணி, தடுப்பூசி வரலாற்றோடு வைத்துப் பாருங்கள். நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் 1978-இல் தொடங்கியது. 1985-இல் விரிவானபோது தட்டம்மை ஊசியும் சேர்ந்தது. அந்த வருடங்களுக்கு முன்னும் பின்னும் உங்கள் ஏடு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

1980களுக்குப் பிறகு கோப்புகள் தடிக்கத் தொடங்கும். அதற்குக் காரணம் சட்டம். வெளிநாட்டுத் தத்துக்கு 1984-இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது, 1990-இல் மத்திய தத்து வள அமைப்பு வந்தது. அதற்கு முன் ஒரு கடிதமும் கையெழுத்துமாக இருந்த இடத்தில் பிறகு கட்டுக்கட்டாகக் காகிதம். இடையில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலை 1986-இல் நாடெங்கும் செய்தியானது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கி 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமும் வந்தது. சேர்க்கை ஏட்டில் அந்த வருடங்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று மட்டும் எண்ணுங்கள். விளக்கமே தேவைப்படாது.

அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு நாள் ஒதுக்கி, பெயர்களை நீக்குங்கள். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-இன்படி பராமரிப்பில் உள்ள குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று அச்சகத்தில் சொல்வார்கள், கேட்காதீர்கள். தொட்டில், சங்கு, பேரேட்டுப் பக்கம் இவற்றின் படமே போதும். பேரேட்டுப் பக்கத்திலும் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். பழைய காலத்துப் பெயர்களுக்கும் இதையே செய்யுங்கள். அவர்கள் இல்லத்தில் வளர்ந்தவர்கள் என்பது அவர்கள் வீட்டு மருமகளுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

மலர் வந்ததும் தத்துப் போனவர்கள் யாராவது தேடி வருவார்கள், நிச்சயம். உட்கார வைத்து டீ கொடுங்கள், ஆனால் ஏட்டைத் திறந்து காட்டாதீர்கள். பதினெட்டு வயது முடிந்தவர் தன் வேரைத் தேட முறைப்படி விண்ணப்பிக்கலாம். அவருக்காக வேறொருவர் வந்து கேட்க விதி இடம் தரவில்லை. பெற்றவர் தன் பெயரை மறைக்கச் சொல்லியிருந்தால் அவர் சம்மதமும் வேண்டும். விண்ணப்பத்துக்கான விவரத்தை ஒரு தாளில் தமிழில் அச்சடித்து மேஜையில் வைத்திருங்கள். அன்றைக்கு ஆபீஸில் யார் இருந்தாலும் எடுத்துக் கொடுக்க முடியும்.