முதல் மொட்டைக்கு முன்னும் பின்னும்

மொட்டை போடலாமா என்று யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் தலையில் எவ்வளவு முடி மிச்சம் என்றுதான் கணக்குப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், இருக்கிற முடியை வைத்து ஒப்பேற்ற ஒரு நாளைக்கு எவ்வளவு பாடுபடுகிறோம் என்று பார்ப்பதுதான் சரியான கணக்கு. நான் வகிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காதுப் பக்கம் இறக்கிக்கொண்டே வந்தவன். கூட்டம் என்றால் தலைக்கு நேர் மேலே விளக்கு இல்லாத நாற்காலியாகத் தேடி உட்காருவேன். காற்றடித்தால் கை தானாக நெற்றிக்குப் போய்விடும். குளித்துவிட்டுத் தலை காயும்வரை யார் கண்ணிலும் படமாட்டேன், ஈரத் தலையில் எதையும் மறைக்க முடியாது. முடிவெட்டி முடித்ததும் பின்னால் ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவார்களே, எனக்கு வெட்டுகிறவர் ஒரு கட்டத்தில் அதைக் காட்டுவதையே விட்டுவிட்டார். நல்ல மனிதர். நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

உங்களிடமும் இப்படி இரண்டு மூன்று சேர்ந்துவிட்டதென்றால் மொட்டையைப் பற்றி யோசிக்க நேரம் வந்துவிட்டது. முடி நன்றாகத்தான் இருக்கிறது, சும்மா ஓர் ஆசை என்றாலும் சரி. தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். பிடிக்காவிட்டால் சில மாதத்தில் பழைய ஆளாகிவிடலாம்.

கத்தியை எடுக்கும் முன் முடி ஏன் போகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். நெற்றியின் இரு ஓரமும் மேலேறி, உச்சியும் மெலிந்து வந்தால் அது பெரும்பாலும் பரம்பரை வழுக்கை. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டிஹெச்டி என்ற ஹார்மோன் அந்த இடத்து மயிர்க்கால்களைச் சுருக்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் முன்னதைவிட மெல்லிய முடி முளைத்து, கடைசியில் பூனைமுடிதான் மிஞ்சும். பக்கங்களிலும் பிடரியிலும் உள்ள மயிர்க்கால்களை அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அதனால்தான் லாடம் மாதிரி ஒரு வளையம் மட்டும் கடைசிவரை நிற்கிறது. வழுக்கை எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க, ஹாமில்டன் என்ற ஆய்வாளர் 1951-இல் வகுத்து, நார்வுட் என்ற மருத்துவர் 1975-இல் திருத்திய அளவுகோல் ஒன்று உண்டு. அதில் ஏழு நிலைகள். முடியைக் காப்பாற்றத்தான் விருப்பம் என்றால் தோல் மருத்துவரிடம் சீக்கிரம் போங்கள். மினாக்சிடில் போன்ற மருந்து பலன் காட்டவே நாலைந்து மாதம் ஆகும், நிறுத்தினால் வந்தது திரும்பப் போகும். அதைத் தினமும் தடவ எனக்குப் பொறுமை இல்லை. உங்களுக்கு இருக்கலாம்.

திடீரென்று காசு அளவில் வட்ட வட்டமாகக் கொட்டினால் அது புழுவெட்டாக இருக்கலாம். கடும் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டுவதும் உண்டு, அது பொதுவாகத் தானே சரியாகும். தைராய்டு கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் மொட்டையால் மூடி மறைக்காதீர்கள், முதலில் டாக்டரைப் பாருங்கள். கீமோதெரபிக்காக முன்கூட்டியே எடுத்துவிட நினைக்கிறவர்கள் பிளேடு பக்கமே போக வேண்டாம். வெள்ளை அணுக்கள் குறையும் சமயத்தில் சின்ன கீறல்கூடத் தொற்றாகலாம். முடிவெட்டும் மெஷின் போதும்.

இன்னொன்று. மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூறு ஆய்வாளர் தாடி முடியை வைத்து இதைச் சோதித்து, மழிப்பதால் முடியின் பருமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று 1928-லேயே எழுதிவிட்டார். இயல்பாக வளர்ந்த முடியின் நுனி கூம்பி இருக்கும், வெட்டிய நுனி மொட்டையாக இருக்கும். அதனால்தான் சொரசொரவென்று தடிப்பாகத் தோன்றுகிறது.

சரி, முடிவெடுப்பது எப்படி? ஒரே நாளில் எடுக்க வேண்டியதில்லை, மில்லிமீட்டர் கணக்கில் இறங்கலாம். கிளிப்பர் மெஷினோடு வரும் சீப்புகளில் நாலாம் நம்பர் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர், மூன்று 10, இரண்டு 6, ஒன்று 3. நாலில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு நம்பராகக் குறையுங்கள். இதில் இரண்டு லாபம். உங்களுக்கே உங்கள் மண்டை அறிமுகமாகும்: பின்னால் எலும்பு எங்கே புடைக்கிறது, எங்கே மச்சம், சின்ன வயதில் விழுந்த தழும்பு எங்கே என்று. பார்க்கிறவர்களுக்கும் அதிர்ச்சி தவணை முறையில் போய்விடும். ஒன்றாம் நம்பருக்கு வந்ததும் ஒரு விஷயம் கவனிப்பீர்கள். வழுக்கை கண்ணில் உறுத்தியதற்குக் காரணம் பக்கத்து முடியின் நீளம்தான். பக்கம் குட்டையானதும் சொட்டைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் பாதிக்கு மேல் மறைந்துவிடும். நிறையப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், நின்றாலும் நல்லதுதான். அதற்குப் பிறகும் உச்சியில் திட்டுத் திட்டாகத் தெரிந்து எரிச்சல் மூட்டினால்தான் பிளேடு.

போனில் நம் முகத்தை மொட்டையாக்கிக் காட்டும் செயலிகளை நம்ப வேண்டாம். யார் படத்தைக் கொடுத்தாலும் ஒரே முட்டைத் தலையைத்தான் ஒட்டித் தருகின்றன. ஆளாளுக்கு அபிப்பிராயம் கேட்பதும் அப்படித்தான். கூடவே இருக்கிற ஒருவரிடம் கேட்டால் போதும். நான் என் மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தேன், "மொட்டை போட்டுடலாம்னு பாக்கறேன்." அவள் துணி மடித்துக்கொண்டே, "போட்டுக்கங்க. பாத்ரூம் கண்ணாடியாவது காலியாகும்" என்றாள். அவ்வளவுதான் விவாதம்.

நாளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து இரண்டு மூன்று நாள் விடுமுறை இருப்பது நல்லது. கல்யாணம், இன்டர்வியூ, போட்டோ எடுக்கிற வேலை எதுவும் பக்கத்தில் வேண்டாம். வெயிலே படாத தோல் முகத்தைவிட வெளிறி இருக்கும், நிறம் ஒத்துவர சில வாரம் ஆகலாம். கோபத்திலோ துக்கத்திலோ ராத்திரி பதினோரு மணிக்குப் பாத்ரூமில் ஆரம்பிக்கிற மொட்டை மட்டும் வேண்டவே வேண்டாம். பாதியில் கை ஓய்ந்தால் காலையில் அதே தலையோடுதான் வெளியே வர வேண்டும்.

இனி வேலை. முதலில் சீப்பு மாட்டாத மெஷினால் முழுத் தலையையும் ஒட்ட வெட்டுங்கள். நீள முடியில் ரேசர் வைத்தால் இரண்டாவது இழுப்பிலேயே அடைத்துக்கொள்ளும். அப்புறம் வெந்நீரில் நிதானமாகக் குளியுங்கள், முடியும் தோலும் இளகட்டும். ஷேவிங் கிரீம் எதுவானாலும் பரவாயில்லை. நான் சொல்வது நிறமில்லாத ஜெல். வெள்ளை நுரைக்கு அடியில் மச்சமும் பருவும் தெரியாது, ஜெல்லில் தெரியும். பிளேடு புதிதாக இருக்கட்டும். பழைய பாணி இரட்டை முனை ரேசர் முதல் நாளுக்குரியது அல்ல.

முடி எந்தப் பக்கம் படிந்து வளர்கிறது என்பதுதான் இதில் முக்கியமான பாடம். உச்சிச் சுழியிலிருந்து அது நெற்றியை நோக்கி வரும், பக்கங்களில் கீழ் நோக்கி இறங்கும், பிடரியில் தாறுமாறாக, சிலருக்கு மேல் நோக்கியே போகும். விரலால் தடவிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போனால் அதுதான் படிந்த திசை, சொரசொரத்தால் எதிர்த்திசை. முதல் தடவை படிந்த திசையில் மட்டும் மழியுங்கள். உச்சியிலிருந்து நெற்றிக்கு, பிறகு பக்கங்கள், காதும் பிடரியும் கடைசியில். ரேசரை அழுத்த வேண்டாம், அதன் கனமே போதும். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை தண்ணீரில் அலசுங்கள்.

காதுக்குப் பின்னால்தான் தடுமாற்றம். காதை விரலால் முன்பக்கம் மடக்கிப் பிடித்துக்கொண்டு, கத்தியைச் சிறு சிறு இழுப்பாகக் கொண்டு போங்கள். பிடரிக்கு மோவாயை நெஞ்சோடு ஒட்டிக் குனியுங்கள், மடிப்பு விழுந்த தோல் இழுபட்டுத் தட்டையாகும். கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்துச் செய்தால் இடம் வலம் குழம்பும். கண்ணை மூடிக்கொண்டு இடக்கை விரல் முன்னே தடவ, வலக்கை பின்னாலேயே வந்தால் சரியாக வரும். எங்காவது விட்டுப்போயிருந்தால் கண்ணைவிட உள்ளங்கைக்குத்தான் முதலில் தெரியும். அங்கே திரும்ப ஜெல் தடவிக் குறுக்காக ஒரு இழுப்பு. எதிர்த்திசையில் இழுத்து வழவழவென்று ஆக்குகிற ஆசையை இன்னொரு நாளுக்கு வையுங்கள், முக்கியமாகச் சுருட்டை முடிக்காரர்கள். வெட்டிய நுனி தோலுக்குள் திரும்பி வளர்ந்து கட்டி கட்டியாக வந்துவிடும்.

தலையில் ரத்தக் குழாய்கள் அதிகம், சின்ன வெட்டுக்கும் பயமுறுத்துகிற மாதிரி வடியும். சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் நிற்கும், படிகாரக் கல்லும் உதவும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் எலெக்ட்ரிக் ஷேவரோடு நிறுத்திக்கொள்ளலாம். கடையில் போடுவதாக இருந்தால் கூச்சப்படாமல், உங்கள் கண்ணெதிரே புது பிளேடு பிரிக்கச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ரத்தம் பட்ட பிளேடு வழியாகப் பரவக்கூடியவை.

முடிந்ததும் குளிர்ந்த நீரை ஊற்றி, துவட்டாமல் துண்டால் ஒற்றியெடுங்கள். ஆல்கஹால் இல்லாத ஈரப்பத கிரீம் கொஞ்சம். வெளியே போனால் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி, இல்லையென்றால் தொப்பி. சன்ஸ்கிரீனை நெற்றியோடு நிறுத்திவிடுகிறவர்களே அதிகம். இனி உங்களுக்கு நெற்றி பிடரி வரைக்கும்.

சில விஷயங்களை யாரும் சொல்லமாட்டார்கள். வியர்வையைத் தடுக்க முடி இல்லாததால் அது நேராகக் கண்ணுக்கு வரும். இரண்டாம் நாள் முள்முடி தலையணையிலும் பனியன் கழுத்திலும் பிடித்துக்கொள்ளும். ஃபேன் காற்று புதிதாகத் தெரியும். தாழ்வான நிலைப்படியில் முன்பெல்லாம் முடி உரசியதும் குனிந்துகொள்வேன், இப்போது இடித்த பிறகுதான் தெரிகிறது. பொடுகு இருந்தவர்களுக்கு அது தோலிலேயே இருக்கும், ஷாம்பூவை விட்டுவிட வேண்டாம்.

"என்ன, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்பார்கள். "ஒண்ணுமில்லை, போட்டுட்டேன்" என்பது போதுமான பதில். நீளமாக விளக்கினால்தான் சந்தேகம் வரும். அமெரிக்காவின் வார்ட்டன் வணிகக் கல்லூரியைச் சேர்ந்த ஆல்பர்ட் மேன்ஸ் செய்த ஆய்வில், ஒரே ஆளின் படத்தை முடியோடும் மொட்டையோடும் காட்டியபோது மொட்டைக்காரர் ஏறக்குறைய ஓர் அங்குலம் உயரமாகவும் 13 சதவீதம் பலசாலியாகவும் தோன்றினாராம். அழகில் மட்டும் கொஞ்சம் குறைத்துவிட்டார்கள். எனக்குச் சம்மதம்.

பழகிய பின் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மழித்தால் போதும். கட்டியோ எரிச்சலோ வந்தால் பிளேடைச் சில வாரம் ஒதுக்கிவிட்டு மெஷினுக்குப் போங்கள், சீழ் வைத்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பிடிக்கவில்லை, திரும்ப வளர்க்கிறேன் என்றால் முதல் இரண்டு மூன்று மாதம் கொஞ்சம் சங்கடம்தான், வழுக்கைக்காரர்களுக்குப் பக்கம் மட்டும் புசுபுசுவென்று கிளம்பிவிடும். உச்சியைத் தொடாமல் விட்டு, பக்கங்களையும் பிடரியையும் மட்டும் இரண்டு வாரத்துக்கொருமுறை ஒன்றாம் நம்பரில் குறைத்துக்கொண்டே வாருங்கள்.