மழைக்குள் நடந்து பாருங்கள், உரம் எந்த வழியாகப் போகிறதென்று தெரியும்

அடுத்த பெருமழைக்கு வீட்டுக்குள் உட்கார்ந்துவிடாதீர்கள். இடி மின்னல் ஓய்ந்ததும் மண்வெட்டியையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வயலைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே திரள்கிறது, எந்த இடத்தில் வரப்பை உடைக்கிறது, எந்த வழியாக ஓடைக்குள் விழுகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள்.

என் நிலம் ஓடையை நோக்கிச் சரிந்து கிடப்பது. பல வருடம் காய்ந்த நிலத்தைப் பார்த்தே வடிகால் வெட்டினேன். மழைக்குள் நடந்த அன்றுதான் தெரிந்தது, தண்ணீர் நான் வெட்டிய வழியில் போகவே இல்லை. மாடு நடந்து நடந்து பள்ளமான தடத்தில் கலங்கலாகப் பாய்ந்து நேரே ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க அசைக்காமல் வைத்தேன். காலையில் அடியில் ஒரு விரல் கனத்துக்கு வண்டல். விரலில் எடுத்துத் தேய்த்தால் மாவு மாதிரி இருந்தது. மேல்மண்ணின் சத்தெல்லாம் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த மாவில்தான்.

மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், பெரும்பாலும் இந்த நுண்மண்ணைப் பிடித்துக்கொண்டு போகும். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், நைட்ரேட்டாகித் தண்ணீரிலேயே கரைந்து போகும், கண்ணுக்குத் தெரியாது. ஆற்றில் போய்ச் சேர்ந்தால் இரண்டும் பாசிக்குத் தீனி. பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன் சாகும். 1973இல் கனடாவில் ஒரு சிறு ஏரியின் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கரிமமும் தழைச்சத்தும் இட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் மணிச்சத்தும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சைப் பசேலென்று பாசி பிடித்தது. அதனால்தான் மண்ணைப் பிடித்து நிறுத்துவதை முதல் வேலையாகச் சொல்கிறேன்.

ஓடைக்கரையை ஒட்டி ஒரு புல் பட்டை விடுங்கள். சரிவு கூடக் கூட அகலமும் கூட வேண்டும். நான் பத்து மீட்டர் விட்டிருக்கிறேன். வெட்டிவேர் போல அடர்ந்து ஆழமாக வேர்விடும் புல் நல்லது. ஆனால் நான் முதலில் கோட்டைவிட்டது இங்கேதான்: தண்ணீர் ஒரே தாரையாக வந்தால் புல்லைப் படுக்கவைத்துவிட்டு அதன் மேலேயே ஓடிவிடும். புல்லுக்கு வருமுன்பே அதைப் பரத்திவிட வேண்டும். நீங்கள் குச்சி நட்ட இடத்தில், பட்டைக்குச் சற்று மேலே, சரிவுக்குக் குறுக்காக ஒரு நீளக் குழி வெட்டுங்கள். அதன் கீழ்விளிம்பு முழுவதும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் வைத்தே பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். குழி நிரம்பி, விளிம்பெல்லாம் மெல்லிசாக வழியும். சேறு குழியிலேயே தங்கும். அதை வாரித் திரும்ப மேட்டில் போடுங்கள், அது உங்கள் மண். பட்டையில் உரம் போட வேண்டாம். புல்லை அவ்வப்போது அறுத்து வெளியே கொண்டுபோய்விடுங்கள், சேர்ந்த சத்தும் அதோடு போகும்.

உழவும் விதைப்பும் சரிவுக்குக் குறுக்காகவே இருக்கட்டும். அறுவடைக்குப் பின் நிலத்தை வெறுமனே விடாதீர்கள். தாளாவது கிடக்கட்டும், முடிந்தால் தக்கைப்பூண்டோ தட்டைப்பயறோ விதைத்துவிடுங்கள்.

கரைந்து போகும் தழைச்சத்தைப் புல் பட்டை அவ்வளவாகப் பிடிக்காது. அதற்கு வழி, உரத்தைக் குறைத்தும் பிரித்தும் போடுவதுதான். முதலில் மண் பரிசோதனை. மணிச்சத்து போதுமென்று வந்தால் மணிச்சத்து மிகுந்த டிஏபி உரத்தை விட்டுவிடுங்கள், பழக்கத்துக்காகப் போடாதீர்கள். 100 கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து. மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டினால் இளம்பயிரால் எடுக்க முடியாது. மூன்று நான்கு தவணையாகப் பிரியுங்கள். மேகம் திரண்டிருக்கும்போது யூரியா வீசி, அன்று ராத்திரியே கொட்டிய மழையில் மொத்தத்தையும் ஓடைக்குக் கொடுத்தவன் நான். இப்போது இரண்டு நாளைக்குள் கனமழை என்று முன்னறிவிப்பு இருந்தால் மூட்டையைப் பிரிப்பதே இல்லை. நெல் வயலென்றால் நீரை வடித்துவிட்டு உரமிடுங்கள். பிறகு நான்கைந்து நாள் வடிமடையைத் திறக்காதீர்கள்.

எருக்குவியல் ஓடைக்கு எட்டத்தில், மேட்டில், கூரைக்குக் கீழே இருக்கட்டும். மாட்டை ஓடையில் இறக்காமல் தொட்டியில் தண்ணீர் காட்டுங்கள். தெளிப்பானை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை அதே வயலிலேயே தெளித்துவிடுங்கள்.

பாட்டில் வேலையை நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு பெருமழைக்கும் இரண்டு பாட்டில் பிடியுங்கள்: ஓடை உங்கள் நிலத்தைத் தொடும் இடத்தில் ஒன்று, விட்டுப் போகும் இடத்தில் ஒன்று. தேதி எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், நைட்ரேட் சோதனைத் தாள் கிடைத்தால் அதையும் நனைத்துப் பாருங்கள். கீழ்ப் பாட்டில் மேல் பாட்டிலைவிடக் கலங்கலாக இருந்தால், அந்த வித்தியாசம் நம் நிலத்திலிருந்து போனது. மேல் பாட்டிலே கலங்கலாக இருந்தால் அதை எடுத்துக்கொண்டு மேல்நிலத்துக்காரரைப் போய்ப் பாருங்கள். நான் அப்படித்தான் போனேன். குறை சொல்லாமல் பாட்டிலை அவர் கையில் கொடுத்தேன். அடுத்த மழையில் இருவரும் சேர்ந்தே நடந்தோம்.