கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு

வீட்டுக் கடன் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். நான் அதைச் செய்யாமல்தான் மாட்டிக்கொண்டேன்.

கடன் 30 லட்சம், வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம், காலம் 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 26,992 வரும். முதல் மாத வட்டியே 22,500. அசலில் கழிவது வெறும் 4,492! முதல் வருடக் கணக்கைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. மோசடி ஒன்றும் இல்லை. மீதி நிற்கும் அசலுக்குத்தான் வட்டி. ஆரம்பத்தில் அசல் மலைபோல் நிற்கிறது. அதனால் கையில் உபரிப் பணம் வந்தால் முதல் சில வருடங்களிலேயே அசலில் கட்டிவிடுங்கள். அதற்கு அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வட்டி நிலையானதா, மாறக்கூடியதா? கடன் வாங்கியதுமே மாறும் வட்டி 10 சதவீதமாக ஏறுகிறது, தவணை மட்டும் அப்படியே இருக்கிறது என்றால், 240 மாதம் சுமார் 314 மாதமாக நீண்டுவிடும். ஆறு வருடத்துக்கு மேல்! தவணை மாறவில்லையே என்று நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

வீட்டின் முழு விலைக்கும் பொதுவாகக் கடன் கிடைக்காது, முன்பணம் உங்களுடையது. பதிவுச் செலவு, மதிப்பீட்டுக் கட்டணம் எல்லாம் தனி. கடன் தீரும்வரை வீடு அடமானத்தில் இருக்கும். தவணை தொடர்ந்து தவறினால் அதை விற்றுப் பாக்கியை எடுத்துக்கொள்ள கடன் கொடுத்தவருக்கு வழி உண்டு.