பிள்ளை வந்து சொன்னால்: போக்சோ வழக்கில் வீட்டார் செய்ய வேண்டியது

குமரி மாவட்டம் குழித்துறை கோர்ட் பக்கம் சட்ட உதவித் தன்னார்வலராக இருக்கிறேன். பிள்ளைக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொல்ல வரும் அம்மாமார் என்னிடம் முதலில் கேட்பது, "கேஸ் நிக்குமா அக்கா?" என்பதுதான். அதில் பெரும்பங்கு முதல் சில நாட்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதனால் அந்த நாட்களைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

பதினெட்டு வயது நிறையாத பிள்ளை என்றால், ஆணோ பெண்ணோ, பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012-இன் போக்சோ சட்டம் பொருந்தும். பிள்ளை வாய் திறக்கும்போது குறுக்கே பேசாதீர்கள். "அங்கே ஏன் போனே?" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். "சொன்னது நல்லது மக்களே, அம்மா கூடவே இருக்கேன்" என்றால் போதும். பிள்ளை சொன்னதை, சொன்ன வார்த்தையிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். அப்புறம் சித்தி ஒரு தடவை, பாட்டி ஒரு தடவை, டீச்சர் ஒரு தடவை என்று திரும்பத் திரும்பக் கேட்க விடாதீர்கள். பிள்ளைக்கு அது வேதனை. ஒவ்வொரு தடவையும் வார்த்தை கொஞ்சம் மாறும், அந்த மாற்றத்தைத்தான் எதிர்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார்.

குளிப்பாட்டாதீர்கள், உடுப்பைத் துவைக்காதீர்கள். கருங்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, பள்ளி யூனிபார்மை சோப்புத் தண்ணீரில் முக்கி வைத்துவிட்டு வந்திருந்தார். எந்தத் தாய்க்கும் முதலில் அதுதான் தோன்றும். துணி ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் புழுங்கி, தடயம் கெட்டுவிடும். உடலிலிருந்து மாதிரி எடுக்க நான்கு நாள் வரை வாய்ப்பு உண்டு, ஆனாலும் முந்திப் போகப் போக நல்லது. துவைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அது ஒன்றே தண்டனைக்குப் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இலேயே குர்மீத் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. அந்த அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன்.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு நேராகவே போகலாம். எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போடும் முன்பே பரிசோதனை செய்யலாம் என்று போக்சோவின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. தனியார் ஆஸ்பத்திரியும் இலவசமாக முதலுதவி செய்தே ஆக வேண்டும். "போலீஸ் கடிதம் கொண்டு வாங்க" என்று அவசர சிகிச்சையை நிறுத்தி வைக்க முடியாது. பெண் பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கலாம். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் பரிசோதனை என்று யாராவது ஆரம்பித்தால் மறுத்துவிடுங்கள். அதைச் செய்வது ஒழுங்கீனம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

புகாரை நாகர்கோவில், மார்த்தாண்டம் மகளிர் ஸ்டேஷனில் கொடுக்கலாம், வேறு எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். நம் மாவட்டத்தில் "சம்பவம் பாறசாலையில் நடந்தது, அங்கே போங்க" என்ற பேச்சு அடிக்கடி வரும். அது செல்லாது. எல்லைக்கு இந்தப் பக்கம் களியக்காவிளையிலேயே ஜீரோ எஃப்.ஐ.ஆர்., அதாவது எந்த ஸ்டேஷன் எல்லை என்று பார்க்காமல் பதியும் எஃப்.ஐ.ஆர்., போட்டு கேரளாவுக்கு அனுப்ப வேண்டியது போலீஸின் வேலை. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கையில் வாங்காமல் எழும்பாதீர்கள். பதிய மறுத்தால், நாகர்கோவிலில் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் எழுத்து மூலம் அனுப்புங்கள். பிள்ளையிடம் வாக்குமூலம் வாங்குபவர் சீருடையில் இருக்கக் கூடாது, வீட்டுக்கே வந்து வாங்கலாம், இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கவே கூடாது.

வயதுச் சான்றில் பல வழக்குகள் வழுக்கியிருக்கின்றன. பள்ளி மாற்றுச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். அது போதாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது, அதுவும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அல்லது நகராட்சி, பஞ்சாயத்து கொடுத்த பிறப்புச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள்.

போனில் வந்த மெசேஜை, படத்தை அழிக்க வேண்டாம். யாருக்கும் ஃபார்வேர்டு செய்யவும் வேண்டாம், பிள்ளையின் படம் என்றால் அனுப்புவதே குற்றம். போனை அப்படியே போலீஸிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

கோர்ட்டைப் பற்றிப் பயப்படும் அளவுக்கு இல்லை. விசாரணை மூடிய அறையில் நடக்கும். எதிர்தரப்பு வக்கீல் பிள்ளையிடம் நேராகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி மூலமாகத்தான் கேட்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவன் முகம் பிள்ளையின் கண்ணில் படாதபடி திரையோ வீடியோவோ வைப்பார்கள். பெயர், பள்ளி, படம் எதையும் யாரும் வெளியிடக் கூடாது. ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்கும் அதே சட்டம்தான்.

பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையிடம் பாலியல் வன்புணர்வு என்றால் குறைந்தது 20 ஆண்டு சிறை. செய்தவர் சொந்தக்காரர், ஆசிரியர், போலீஸ்காரர் என்றாலோ, பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது நிறையவில்லை என்றாலோ, 6-ஆம் பிரிவில் 20 ஆண்டிலிருந்து சாகும்வரை சிறை, மரண தண்டனை வரைக்கும் போகலாம். தவறான நோக்கத்தோடு தொடுவதற்கு 3 முதல் 5 ஆண்டு. உடையின் மேல் தொட்டாலும் குற்றம்தான், 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்துவிட்டது.

இந்த ஆண்டுக் கணக்கு தெரிந்ததும் ஊர்ப் பெரியவர்கள், சபைக் கமிட்டிக்காரர்கள் என்று யாராவது வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவார்கள். "ரூபா வாங்கிக்கிட்டுப் பேசித் தீத்துக்கலாம்" என்பார்கள். இது சமாதானம் பேசி முடிக்கக்கூடிய வழக்கு இல்லை. தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பதே ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். அதை அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள், நான் சொல்லியிருக்கிறேன்.

பணம் வேண்டுமென்றால் அதற்கு நேர்வழி இருக்கிறது. வழக்கு நடக்கும்போதே சிறப்பு நீதிமன்றத்தில் இடைக்கால இழப்பீடு கேட்கலாம். உத்தரவு வந்த முப்பது நாளில் அரசு தர வேண்டும். குற்றவாளி விடுதலையானாலும், பிடிபடாமலே போனாலும், பிள்ளைக்குப் பாதிப்பு நேர்ந்தது என்று நீதிமன்றம் கண்டால் இழப்பீடு உண்டு. விடுதலையை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீங்களே அப்பீலும் போகலாம். வக்கீலுக்குக் காசு இல்லாவிட்டால் 15100-க்குக் கூப்பிடுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். ராத்திரி என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.