பானெட்டில் 454 என்று இருக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள்

பெரிய இன்ஜின் போட்ட பழைய அமெரிக்க மசில் கார்களில் ஆள் ஏமாறுவதற்குத் தோதான வண்டி ஒன்று சொல் என்றால், 1970 செவ்ரோலே செவெல் எஸ்எஸ் 454 என்பேன். அந்த 454 கன அங்குல இன்ஜின் இரண்டு வகையாக வந்தது. எல்எஸ்5 என்றால் 360 குதிரைத்திறன், எல்எஸ்6 என்றால் 450. செவெல்லில் எல்எஸ்6 கிடைத்தது அந்த ஒரு வருட மாடலில்தான், அதனால் விலையும் எங்கேயோ இருக்கிறது. செவெல் வரிசையிலேயே சாதாரண வகையான மாலிபுவில் பட்டை ஒட்டி, வேறெங்கிருந்தோ கிடைத்த 454ஐ இறக்கி வைத்து, எஸ்எஸ் என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பலர் முதலில் சறுக்குவது சேசிஸ் நம்பரில். நம் ஊர் ஆர்சி புத்தகத்தில் சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பழகிவிட்டோம். இங்கே அந்த ஒப்பீட்டை நாமேதான் செய்ய வேண்டும். சேசிஸ் நம்பர் 13637 என்று தொடங்கினால் செவ்ரோலே, வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்) போட்ட மாலிபு, இரண்டு கதவு வண்டி என்பது வரை தெரியும். எந்த வி8? அது தெரியாது. 307 கன அங்குலச் சின்ன வி8 போட்ட வண்டிக்கும் இதே தொடக்கம்தான். எஸ்எஸ் என்பதும் அந்த வருடம் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் ஆப்ஷன், தனி மாடல் இல்லை. ஃபோர்டும் பிளைமத்தும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது குழப்பும். அவற்றின் சேசிஸ் நம்பரில் ஐந்தாவது எழுத்தே இன்ஜினைச் சொல்லிவிடும். 1970 பிளைமத்தில் அது ‘ஆர்’ என்றால் 426 கன அங்குல ஹெமி இன்ஜின். செவ்ரோலே அந்த வழிக்கு வந்தது 1972 மாடலில்.

சரி, கம்பெனியிடமே கேட்டால்? போன்டியாக் என்றால் அதன் பழைய பதிவுகளை வைத்திருக்கும் பிஹெச்எஸ் என்ற நிறுவனத்தில் பணம் கட்டி அசல் பில் நகல் வாங்கலாம். 1967 முதலான ஃபோர்டுக்கு, கம்பெனிப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் உண்டு. அமெரிக்காவில் விற்ற 1970 செவெல்லுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆகவே இரும்பைத்தான் படிக்க வேண்டும்.

டிரைவருக்கு வலப்பக்க சிலிண்டர் ஹெட்டின் முன்னால், இன்ஜின் பிளாக்கில் ஒரு சின்ன சமதளம் இருக்கும். கிரீஸும் பெயின்டும் மூடியிருக்கும். அதைப் பார்த்ததும் உப்புத்தாளை எடுப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. பெயின்ட் ரிமூவரும் துணியும் போதும். ஏனென்றால் எழுத்தைவிட முக்கியமானது எழுத்துக்கு அடியில் இருக்கிறது: தொழிற்சாலையில் பிளாக்கின் முகத்தைச் சீவியபோது விழுந்த, முன்னும் பின்னுமாக ஓடும் மெல்லிய இணைகோடுகள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தாலோ, கோடுகள் வட்ட வட்டமாக இருந்தாலோ, பின்னாளில் யாரோ சீவியிருக்கிறார்கள். ரீபில்டு செய்தபோது நல்லெண்ணத்தில் சீவியதாகவும் இருக்கலாம். ஆனால் சீவிய முகத்தில் அசல் எழுத்து மட்டும் எப்படித் தப்பியது என்று கேளுங்கள்.

அங்கே இரண்டு பஞ்ச், அதாவது அச்சால் அடித்த எழுத்து வரிசைகள், இருக்க வேண்டும். ஒன்று ‘டி0408சிஆர்வி’ (T0408CRV) போன்றது: நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா ஆலை, ஏப்ரல் 8, மேனுவல் கியர் போட்ட எல்எஸ்6. ‘சிஆர்ஆர்’ என்றால் ஆட்டோமேட்டிக் எல்எஸ்6. ‘சிஆர்டி’ (CRT), ‘சிஆர்க்யூ’ (CRQ) எல்லாம் எல்எஸ்5. இன்னொன்று வண்டியின் சேசிஸ் நம்பரிலிருந்து எடுத்த பகுதி. முதலாவது இன்ஜின் ஆலையில் அடித்தது, இரண்டாவது கார் ஆலையில் வேறு ஆள் வேறு அச்சால் அடித்தது. இரண்டும் ஒரே கை, ஒரே ஆழம் போலத் தெரிந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

நம்பர் பொருந்துகிறது என்றதும் தேதியை விட்டுவிடுகிறார்கள். பிளாக்கை வார்த்த தேதி தனியாக வார்ப்பிலேயே இருக்கும். ‘சி 23 0’ என்றால் மார்ச் 23, 1970. வார்ப்பு முதலில், இன்ஜின் பூட்டியது அப்புறம், பாடித் தகட்டில் அடித்திருக்கும் தயாரிப்பு வாரம் அதற்கும் அப்புறம். மே மாதம் வார்த்த பிளாக் ஏப்ரலில் தயாரான வண்டிக்குள் போக வழியில்லை. 3963512 என்ற வார்ப்பு எண்ணைக் காட்டி எல்எஸ்6 என்பவர்களையும் நம்பாதீர்கள். எல்எஸ்5க்கும் அதே பிளாக்தான். ஹெட்டில் 291 என்று முடியும் எண் எல்எஸ்6உடையது, 290 எல்எஸ்5உடையது. ஆனால் ஹெட்டைக் கழற்றி மாட்டுவது ஒரு நாள் வேலை, அதனால் அதை வைத்து மட்டும் முடிவுக்கு வரக் கூடாது.

காகிதம் விஷயத்தில் ஒன்றே ஒன்று. பெட்ரோல் டேங்க் மேலேயோ சீட் ஸ்பிரிங்குக்குள்ளோ எலி கடித்த பில்டு ஷீட் (வண்டியில் என்னென்ன பொருத்த வேண்டும் என்ற தொழிற்சாலைப் பட்டியல்) கிடைத்தால், துள்ளிக் குதிக்கும் முன் அதில் உள்ள சேசிஸ் நம்பரைப் பாருங்கள். பக்கத்து வண்டியின் ஷீட் இந்த வண்டிக்குள் விழுந்திருப்பதும் நடந்திருக்கிறது. பிளாக்கில் உள்ள பஞ்ச் ‘சிஇ’ என்று தொடங்கினால் அது கம்பெனி வாரன்டியில் மாற்றிக் கொடுத்த பிளாக். மோசடி இல்லை, அசலும் இல்லை. விலை பேசும்போது அதைச் சொல்லியே பேசலாம்.