பிக்கல்ஹவ்பே வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள்

1842-இல் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவில் வந்த கூர்முனைத் தோல் தலைக்கவசம்தான் பிக்கல்ஹவ்பே. அதிகாரிகள் இதைச் சொந்தக் காசில் வாங்கினார்கள். அதனால் வேலைப்பாடு நுணுக்கம், இன்று விலையும் கூடுதல். சிப்பாயின் கவசத்தில் அதிகாரிக்குரிய உலோகப் பாகங்களை மாட்டி விற்பது இதனால்தான். முகப்புத் தகட்டின் கழுகுச் சின்னத்தில் மயங்காமல் உட்புறத்திலிருந்து தொடங்குங்கள்.

அதிகாரியின் கவசத்தில் நெற்றியைச் சுற்றி மெல்லிய தோல்பட்டை, அதற்கு மேல் பட்டுத் துணி உள்ளுறை. முன்விளிம்பின் அடிப்பக்கம் பச்சை, பின்விளிம்பு சிவப்பு. பிற்காலச் சிப்பாய்க் கவசத்தில் பட்டுக்குப் பதில் தோல் நாக்குகள் இருக்கும். விளிம்பின் அடி கறுப்பு.

அடுத்து முகப்புத் தகடு எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அதிகாரியின் தகட்டில் மரையுள்ள தண்டும் நட்டும்; சிப்பாயின் தகட்டில் வளையமும் அதில் செருகும் தோல் ஆப்பும். நட்டை இடுக்கியால் திருகாதீர்கள். தண்டு ஈயப்பற்றில்தான் நிற்கிறது, விட்டுப்போகும். இருட்டறையில் கவசத்துக்குள் டார்ச் அடித்தால் தேவையற்ற துளைகள் ஒளிரும். மெழுகோ கறுப்பு அரக்கோ வைத்து அடைத்திருந்தால் அந்த இடம் மட்டும் வேறு பளபளப்பில் தெரியும். நூறாண்டு ஒரே தகடு இருந்த தோலில் அதன் விளிம்பு அப்படியே பதிந்திருக்கும். அந்தத் தடம் இப்போதுள்ள தகட்டோடு பொருந்தாவிட்டால் வாங்காதீர்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஒட்டுப்போட்ட பொருள்.

கூர்முனையின் அடியில் முத்துவடம் போன்ற வளையம், அடித்தட்டில் நட்சத்திரத் தலைத் திருகுகள்: இவை அதிகாரியின் அடையாளம். பிரஷ்யப் பீரங்கிப் படையினருக்குக் கூர்முனைக்குப் பதில் உருண்டை.

காதருகே உள்ள வட்டச் சின்னங்களில், 1897 முதல் வலப்புறம் ஜெர்மானியப் பேரரசின் கறுப்பு-வெள்ளை-சிவப்பு, இடப்புறம் மாநிலத்தின் நிறம்: பிரஷ்யாவுக்குக் கறுப்பு-வெள்ளை-கறுப்பு, பவேரியாவுக்கு வெள்ளை-நீலம்-வெள்ளை. பவேரியத் தகட்டோடு பிரஷ்யச் சின்னம் இருந்தால் பிற்காலத்தில் யாரோ சேர்த்தது. ஆனால் 1897-க்கு முந்தைய கவசத்தில் பேரரசுச் சின்னம் இருப்பதைக் குற்றமாக எடுக்காதீர்கள். பணியில் இருந்தபோதே பொருத்தியிருக்கலாம்.

கவசத்தோடு சீருடையும் வாங்கினால் அதன் தையலைப் புற ஊதா விளக்கில் பாருங்கள். நூல் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி இருக்கிறது. பேரரசுக் காலத்து நூலில் அது கிடையாது.

வீட்டுக்கு வந்தபின் பித்தளை பாலிஷைத் தொடவே கூடாது. பொன்முலாம் மெல்லிய படலம், ஒருமுறை தேய்த்தாலே செம்மஞ்சள் பித்தளை எட்டிப்பார்க்கும். தோலுக்கு எண்ணெயும் வேண்டாம்: பித்தளை தொடும் இடங்களில் அதுதான் பச்சைக் களிம்பாகிறது. களிம்பை உலர்ந்த மரக்குச்சியால் மட்டும் சுரண்டுங்கள். ஸ்பிரிட் பட்டால் மேல்பூச்சு கரையலாம். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்கட்டும். காய்ந்துபோனால் தோல் சுருங்கி, பூச்சு வெடித்து, பின்விளிம்பு தையலோடு பிரியும்.

கம்பளிச் சீருடையில் பூச்சி அரித்திருந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, -20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள், துணியில் நீர் கோத்துவிடும்; ஒரு நாள் கழித்துப் பிரிக்கலாம். தோல் கவசத்தை மட்டும் இப்படி உறைய வைக்கக் கூடாது.