பழைய கேம் பெட்டியை வீட்டுக்கு மாற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடியோ கேம் கடைகள் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்பும் அங்கே காசு போட்டு ஆடிய பெட்டிகள் முற்றாக அழிந்துவிடவில்லை. உக்கடத்துப் பழைய சாமான் கடைகளிலோ, திருப்பூரில் ஏதேனும் ஒரு பனியன் குடோனின் மூலையிலோ, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தேங்காய்க் களத்துக் கொட்டகையிலோ அவ்வப்போது ஒன்று வெளிப்படுகிறது. அதை வாங்கி வருபவர் பெரும்பாலும் 1990களில் பள்ளி விட்டதும் அத்தகைய கடையில் நின்று ‘முஸ்தபா கேம்’ ஆடியவராக இருப்பார். 1993இல் கேப்காம் வெளியிட்ட அந்த விளையாட்டின் உண்மைப் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் என்பது அன்று நம்மில் பலருக்குத் தெரியாது. திரை மீண்டும் எரிவதைப் பார்க்க வேண்டும் என்ற அந்த ஆசைதான் பின்வரும் தவறுகளுள் பாதிக்குக் காரணம்.

வண்டியிலிருந்து இறக்கிய கையோடு பிளக்கைச் செருகிப் பார்ப்பது முதல் தவறு. பத்து, பதினைந்து ஆண்டுகள் கிடந்த பெட்டிக்குள் எலி கடித்த வயர், ஈரம் ஏறிய தூசி, உலர்ந்துபோன கண்டென்சர் ஆகிய மூன்றும் இருக்கும் என்றே கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமாக, ஜப்பானுக்கென்று செய்யப்பட்ட பெட்டி 100 வோல்ட்டிலும் அமெரிக்காவுக்கென்று செய்யப்பட்டது ஏறத்தாழ 120 வோல்ட்டிலும் இயங்குவது. நம் வீட்டு 230 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் அரை நொடியில் கதை முடிந்துவிடும். பின்கதவைத் திறந்து, பவர் சப்ளையின் மீதுள்ள லேபிளைப் படித்து, தூசியை உறிஞ்சி எடுத்து, வயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகும்கூட, முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துக் கொடுப்பதே நல்லது. டி.வி. மெக்கானிக்குகளும் மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்காரர்களும் காலங்காலமாகக் கையாளும் முறை இது: உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியுமே தவிர, இயந்திரம் எரியாது.

இரண்டாவது தவறு ஆபத்தானது, ஆனால் கண்ணுக்குத் தெரியாதது. பிக்சர் டியூப்பை இயக்கும் மின்சுற்றுப் பலகைகளான சேசிஸ்களுள் பல, வீட்டு மின்சாரத்தை நேராகவே எடுத்துக்கொள்பவை. அவற்றின் ‘கிரவுண்டு’ என்பதே உயிருள்ள மின்கம்பி போன்றது. அதனால்தான் பழைய பெட்டிகளின் அடியில் கனமான ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதை வெறும் எடை என்று எண்ணிக் கழற்றி எறிபவர்கள் உண்டு. வேறு சிலர் வோல்ட்டேஜைக் குறைப்பதற்காக ஸ்டெபிலைசர் கடையில் ஓர் ஆட்டோ டிரான்ஸ்பார்மர் வாங்கி வந்து அந்த இடத்தில் வைக்கிறார்கள். வோல்ட்டேஜ் சரியாகவே இருக்கும். ஆனால் ஆட்டோ டிரான்ஸ்பார்மரில் இருப்பது ஒரே சுற்றுதான் என்பதால், வீட்டு மின்சாரத்திலிருந்து சேசிஸ் பிரிக்கப்படுவதில்லை. மோட்டாரும் பம்புசெட்டும் செய்து பழகிய கோயம்புத்தூரில் டிரான்ஸ்பார்மர் சுற்றித் தருவதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. பிரைமரியும் செகண்டரியும் ஒன்றையொன்று தொடாத தனித்தனிச் சுற்றாக வேண்டும் என்று சொல்லிச் செய்து வாங்க வேண்டும். அத்துடன் காசு போடும் இரும்புக் கதவு, கன்ட்ரோல் பேனல் முதலிய உலோகப் பாகங்கள் அனைத்தையும் எர்த்துடன் இணைத்து, மூன்று பின் பிளக்கையே பயன்படுத்த வேண்டும். கடையில் இரண்டு பின்னோடு ஓடிய பெட்டி, செருப்பணியாத குழந்தைகள் தொடும் வீட்டில் அப்படியே ஓடக் கூடாது.

டியூப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 20 அங்குல வண்ண டியூப்பின் ஆனோடில், அதாவது உயர் மின்னழுத்தம் செல்லும் முனையில், 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கை எடுத்த பின்பும் அந்த மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். இணையத்தில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவருடன் இறங்குவதைக் காட்டிலும், ஊரில் எஞ்சியிருக்கும் பழைய டி.வி. மெக்கானிக் ஒருவரை அழைத்து, டீ வாங்கிக் கொடுத்து அருகில் நின்று பார்ப்பது மேல். டியூப்பின் பின்கழுத்து மெல்லிய கண்ணாடி. பெட்டியைச் சாய்க்கும்போது அது தட்டுப்பட்டால் உள்ளிருக்கும் வெற்றிடம் போய்விடும், பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. செத்த டியூப்பை உடைத்துக் குப்பையில் போடுவதும் தவறு. அதன் புனல் பகுதிக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. மின்கழிவு எடுப்பவரிடம் முழுதாகவே ஒப்படைக்க வேண்டும்.

டியூப் நல்ல நிலையில் இருந்தும் எல்.சி.டி. மாட்ட அவசரப்படுவோரை நான் புரிந்துகொள்கிறேன், ஆயினும் ஏற்றுக்கொள்வதில்லை. அந்தக் கால விளையாட்டுகளுள் பெரும்பாலானவை 15 கிலோஹெர்ட்ஸ் திரைக்காக, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 15,000 கோடுகள் இழுக்கும் திரைக்காக, வரையப்பட்டவை; அவற்றின் புள்ளிகள் டியூப்பில்தான் இணைந்து உருவமாகின்றன. கணினியின் சாதாரண வி.ஜி.ஏ. வெளியீடு 31 கிலோஹெர்ட்ஸ் என்பதால், அதை இந்தத் திரையில் நேராகச் செருகினால் படம் நிற்காது, சேசிஸும் கெடக்கூடும். எல்.சி.டி.தான் வழி என்றாகிவிட்டால், 16:9 அகலத் திரையில் படத்தை இழுத்து நிரப்பி வீரர்களையெல்லாம் குட்டையாக்கும் கொடுமையையாவது செய்யாதிருக்கலாம். பழைய 4:3 மானிட்டர் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. பேக்-மேன் போன்ற விளையாட்டுகள் நெட்டுக்குத்தாக நிற்கும் திரைக்கானவை, 224க்கு 288 புள்ளிகள், மலிவான டி.என். வகை மானிட்டரைத் திருப்பி நிறுத்தினால் ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு நிறமே மாறிவிடும். அங்கே, பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐ.பி.எஸ். வகைதான் ஏற்றது.

இனி, நானே செய்த தவறு. என் முதல் பெட்டியில் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியை வைக்கும் ஆர்வத்தில், உள்ளே ஓடிய வயர் கட்டை வெட்டி, பொத்தான்களுக்குப் புதிய வயர் இழுத்தேன். வெட்டப்பட்டது ஜாமா இணைப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. 1985இல் ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கம் வகுத்த 56 பின் ஒழுங்கு அது; மின்சாரம், படம், ஒலி, பொத்தான் எல்லாம் ஒரே செருகியில் வந்துவிடுவதால், அந்த முறையில் அமைந்த எந்த விளையாட்டு போர்டையும் மாற்றி மாற்றிச் செருகலாம். பை கணினியைக்கூட ஓர் அடாப்டர் பலகை மூலம் அதே செருகியில் மாட்ட முடியும். ஒரு வயரும் வெட்ட வேண்டியதில்லை. நான் வெட்டியதைத் திரும்ப ஒட்டவைக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. செருகியை வைத்திருப்பவர்களும் இரண்டு இடங்களில் தவறுகிறார்கள். ஏழாவது பின் இருக்கும் இடத்தில் உள்ள அடைப்பைப் பாராமல் தலைகீழாகச் செருகினால் போர்டு போய்விடும். 5 வோல்ட்டைப் பவர் சப்ளையின் வாயில் அளந்து திருப்தி அடைவது மற்றொன்று. வயரில் கொஞ்சம் இழந்துதான் அது போர்டை அடைகிறது என்பதால் போர்டின் விளிம்பில் அளந்து, 5.0 முதல் 5.1 வரை வைக்க வேண்டும். கேப்காமின் சி.பி.எஸ்.-2 போர்டு கிடைத்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: விளையாட்டைத் திறக்கும் மறைச்சாவி அதில் ஒரு பேட்டரியின் தயவில் உயிர்வாழ்கிறது, பேட்டரி தீர்ந்தால் போர்டு ஊமையாகிவிடும்.

மரவேலையில் செய்யும் தவறுகள் உயிரை எடுப்பதில்லை, பணத்தை எடுக்கின்றன. நம் ஊர்க் கடைகளில் இருந்த பெட்டிகளுள் பல, உள்ளூர்த் தச்சர்கள் செய்தவை. வெளிநாட்டிலிருந்து வந்தவற்றில் மரத்தூள் பலகை மிகுதி. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரத்தைக் கொண்டுவரும் மாதங்களில், தரையில் நேராக நிற்கும் தூள் பலகை அடியிலிருந்து உப்பத் தொடங்கும். உப்பியதைப் பட்டி பூசிச் சமப்படுத்தி மேலே பெயிண்ட் அடித்திருந்த என் பெட்டியைக் கண்ட தச்சர், “ஏனுங்க, அடிக்கால் போன கட்டிலுக்கு மெத்தை மாத்துனா ஆச்சுங்களா?” என்றார். அவர் சொன்னபடியே கீழே அரையடி அறுத்து, புதுப் பலகை கொடுத்து, சக்கரமும் வைத்த பிறகுதான் பெட்டி நிமிர்ந்தது. கரையான் தடம் இருந்தால், மருந்து அடித்துச் சில வாரங்கள் வெளியே வைத்துப் பார்த்துவிட்டே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இல்லையேல் கதவு நிலையும் பரணும் அதற்கு இரையாகும்.

பக்கப் பலகை புதிதாகப் போடுபவர்கள் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டோ, குறைந்தது ஐ.எஸ். 303 முத்திரையுள்ள நீர் தாங்கும் வகையோ கேட்டு வாங்கலாம். விளிம்பில் அடிக்கும் டி வடிவப் பிளாஸ்டிக் பீடிங், வெளிநாட்டு அளவில் முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ.; நம் கடையில் கிடைக்கும் பலகையோ 18 மி.மீ. இந்த ஒரு மில்லிமீட்டர், விரல் படும் இடத்தில் பிசிறாக நிற்கும். வெளிப்புறத்தில் 1 மி.மீ. மைக்கா ஒட்டிவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். பீடிங்குக்குக் காடி எடுப்பது மைக்கா ஒட்டிய பிறகே நடக்க வேண்டும்.

பழைய ஓவியத்தைத் தேய்த்து எடுக்கும் முன் நேர்க்கோணத்தில், அளவுகோலை ஒட்டிவைத்துப் படம் எடுக்காதவர்கள் பிறகு வருந்துகிறார்கள். படம் இருந்தால் கோவையிலோ திருப்பூரிலோ எந்த ஸ்டிக்கர் அச்சகத்திலும் வினைலில் அடித்துக் கொடுப்பார்கள். கம்பெனியில் செய்து, ஓவியத்துடன் வந்த பெட்டியாக இருந்தால் தேய்க்கவே வேண்டாம் என்பது என் கட்சி. தச்சர் செய்த பெட்டியை விருப்பம்போல் மாற்றலாம்.

ஜாய்ஸ்டிக் வாங்கும்போது பேக்-மேனுக்கு நான்கு திசைக் குச்சியும் சண்டை விளையாட்டுகளுக்கு எட்டுத் திசைக் குச்சியும் தேவை என்பதை மறந்துவிடுகிறோம்; தகட்டைத் திருப்பி இரண்டாகவும் பயன்படுத்தக்கூடிய குச்சிகள் உண்டு. பொத்தான் துளை ஜப்பானிய வகைக்கு 30 மி.மீ., அமெரிக்க வகைக்கு ஏறத்தாழ 28. வாங்கிய பிறகே துளையிட வேண்டும். சுவரோடு சுவராகத் தள்ளிப் பின்பக்கக் காற்றுத் துளையை அடைத்துவிட்டால், கரூர், ஈரோட்டுக் கோடையில் பவர் சப்ளை நீண்ட நாள் தாங்காது. ராஸ்பெர்ரி பையை முறைப்படி அணைக்காமல் சுவிட்சைத் தட்டினால் மெமரி கார்டு கெடும். மின்வெட்டிலும் அதேதான் என்பதால், இன்வெர்ட்டர் இணைப்பிலேயே பெட்டியை வைத்துவிடலாம். ஆயிரம் விளையாட்டுகள் ஏற்றி விற்கப்படும் மலிவுப் பலகைகளில் பெரும்பாலானவை உரிமம் இல்லாத நகல்கள் என்பதையும் அறிந்தே வாங்க வேண்டும்.

காசுப் பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த ஓட்டையில் பலகை அடிப்பவர்கள் அதிகம். அது ஓடவில்லை என்பதே அவர்கள் சொல்லும் காரணம். 1992இல் வந்த எஃகு ஒரு ரூபாய் 25 மி.மீ. விட்டம், 2011இல் வந்த ஒரு ரூபாய் 22 மி.மீ. பழைய நாணயத்துக்கு அமைத்த பொறி புதிய நாணயத்தை அப்படியே கீழே துப்பிவிடுவதால், பழுது என்று எண்ணிவிடுகிறார்கள். என் வீட்டில் பழைய ஒரு ரூபாய் நாணயங்கள் இருபதைத் தனியே ஒரு டப்பாவில் போட்டுப் பெட்டியின் மேல் வைத்திருக்கிறேன். அவை தீர்ந்ததும் பிள்ளைகள் காசுக் கதவின் சாவி கேட்டு வருகிறார்கள்.